மிஷனரியாகப் போகும் இடத்தில் கஷ்டங்களுக்கு நடுவே சந்தோஷத்தையும் விசுவாசத்தையும் எப்படிக் காத்துக்கொள்வது?

ஜார்க்கண்டின் ராஜ்மகல் மலைக்கு, மால்தோ பேசும் பஹாடியா மக்கள் நடுவே ஊழியத்துக்குப் போகவிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் இதைக் கேட்டிருக்கிறது. "முதல் வருஷத்திலேயே சிலர் சோர்ந்து திரும்பிவிடுகிறார்களாமே" என்ற பயமும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அது நியாயமான பயம்தான்.

முதலில் உடம்பைப் பாருங்கள். சோர்வு வந்தவுடன் "என் விசுவாசம் குறைந்துவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவைக் கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிட வைத்தான். ராஜ்மகல் பக்கம் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அங்கே மலேரியா உண்டு. வைவாக்ஸ் வகை என்றால் குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் 14 நாள் என்பது வழக்கமான சிகிச்சை. மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடுவதால் பலர் பிரைமாகுயினைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கல்லீரலில் தங்கிய கிருமி சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி கிளம்பும். திரும்பத் திரும்பக் காய்ச்சல், ரத்தசோகை, ஜெபிக்க உட்கார்ந்தால் தலை சாயும் அளவுக்கு அசதி. இதை ஆவிக்குரிய தோல்வி என்று நினைத்து அழுபவர்கள் உண்டு. 14 நாளையும் முடியுங்கள். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் ஆகாது. ஜி6பிடி குறைபாடு (இது இருந்தால் பிரைமாகுயின் ரத்த சிவப்பணுக்களை உடைத்துவிடும்) இருக்கிறதா என்று ஊரிலேயே ரத்தம் பார்த்துவிட்டுப் போங்கள். காய்ச்சல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் காய்ச்சலுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். சாகிப்கஞ்ச், பாகூர், தும்கா, கொட்டா நான்கும் அந்த நோய் இருந்துவந்த மாவட்டங்கள்.

அடுத்தது வேதவாசிப்பு. பணித்தளத்துக்கு நான் சிபாரிசு செய்வது சங்கீதங்களை மாதம் ஒருமுறை முடிக்கும் பழைய முறை. தேதியை எடுத்து முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போங்கள்: 13ஆம் தேதி என்றால் 13, 43, 73, 103, 133. அந்த ஒரு நாளையே பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கி, கலங்கும் ஆத்துமாவையும், துன்மார்க்கரின் வாழ்வைப் பார்த்துத் தடுமாறும் சங்கீதக்காரன் ஆசாப்பையும் கடந்துதான் 103இன் ஸ்தோத்திரத்துக்கு வருகிறோம். 28ஆம் தேதி 88 வரும். இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. அதைத் தாண்டிப் போகாமல் சத்தமாக வாசியுங்கள். அதே நாளில் 118உம் இருக்கிறது. 29ஆம் தேதியில் வரும் 119 மிக நீளம் என்பதால், 31 உள்ள மாதங்களில் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடலாம். இந்த முறையின் பெரிய லாபம், அன்றைய மனநிலைக்கு ஏற்ற பகுதியை நாமே பொறுக்கி எடுக்க முடியாது. முதல் வருஷம் முழுக்க இதைத் தமிழிலேயே செய்யுங்கள், கீர்த்தனைகளையும் வாய்விட்டுப் பாடுங்கள். பகலெல்லாம் இந்தியிலும் மால்தோவிலும் திக்கித் திணறுகிறவருக்குத் தாய்மொழியில் ஒரு மணி நேரம் கட்டாயம் வேண்டும்.

மொழி வராத காலம்தான் மனதை அதிகம் ஒடிக்கும். நம் ஊரில் பிரசங்கம் செய்தவர், அங்கே கடையில் உப்பு கேட்கத் தெரியாமல் நிற்பார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் கோட்டைத் தலைவர் அவரைச் சிறையில் போட்டார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து விட்ட வேலையைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்தார். 1715இல் அது அச்சாகி வந்தது. மறுநாள் காலையில் கையில் எடுக்க ஒரு வேலை, பலன் தெரிய வருஷக்கணக்கில் ஆகும் வேலை, உங்களுக்கும் இருக்கட்டும். சொல் சேகரிப்பாகவே இருக்கலாம்: ஒரு நோட்டு, நாளைக்குப் பத்துச் சொல், சொல்லித் தந்தவரிடமே மறுநாள் சரிபார்ப்பது.

சந்தோஷம் பெரும்பாலும் அந்த மக்களிடமிருந்துதான் வரும், அதை வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். மார்ச், ஏப்ரலில் இலுப்பைப் பூ விழும். விடியுமுன் குடும்பம் குடும்பமாகக் கூடையோடு போய்விடுவார்கள். அப்போது காலைக் கூட்டம் வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று மனம் உடைவது வீண். நீங்களும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குங்கள். அவர்கள் தரும் கஞ்சியைக் குடியுங்கள். கொடுக்க மட்டுமே தெரிந்த மிஷனரி சீக்கிரம் வறண்டுபோகிறார்.

ஞாயிறு உங்களுக்கு ஓய்வுநாள் ஆகாது. வேறொரு நாளை ஒதுக்குங்கள், ஆனால் வாரச்சந்தை நாளை வேண்டாம். அன்றுதான் மலையிலிருந்து எல்லோரும் இறங்கி வருவார்கள், உங்களைத் தேடியும் வருவார்கள்.

கணவர் கிராமங்களுக்குப் போய் நாலைந்து நாள் தங்கும்போது தனிமையைத் தாங்குவது மனைவிதான். அந்தப் பயண அட்டவணையை இருவரும் சேர்ந்தே போடுங்கள். பிள்ளைகளை ஜூனில் விடுதியில் விட்டுவந்த பிறகு வரும் முதல் வாரங்கள் மிகக் கடினம். அந்த வாரங்களில் வெளிப்பயணமே வைக்காதீர்கள்.

மாதாந்தர ஜெபக் கடிதத்தில் வெற்றிகளை மட்டும் எழுதும் பழக்கம் ஆபத்தானது. அடுத்த மாதம் அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டியிருக்கும், அது இல்லாதபோது உங்கள் ஊழியமே பொய் போலத் தோன்றும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், ஊர் மக்களின் பெயர்களை மட்டும் விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரே ஒருவர் வேண்டும். உங்கள் சம்பளப்படியை நிர்ணயிக்கும் மேலாளராக அவர் இருக்கக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் உபவாசம் இருந்து பார்க்காதீர்கள், மனநல மருத்துவரிடம் போங்கள். எந்த மருத்துவர், யார் கூட்டிப் போவது, பணித்தளத்தை அதுவரை யார் பார்ப்பது என்ற மூன்றையும் ஊரிலிருந்து புறப்படும் முன்பே உங்கள் மிஷனோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.