வாசகர் கேள்வி: கடற்கரை விடுதியில் கீழை நாட்டுச் சாப்பாடு

கேள்வி: மே மாத விடுமுறையில் மண்டபம் அருகே ஒரு கடற்கரை ரிசார்ட்டில் குடும்பத்தோடு மூன்று நாள் தங்கப் போகிறோம். இரவில் அங்குள்ள ‘ஏசியன் ஃப்யூஷன்’ உணவகம் மட்டுமே திறந்திருக்குமாம். மாமியார் சுத்த சைவம். பிள்ளைகளுக்கோ சுஷி சாப்பிட ஆசை. மீன் கிடைக்கும் ஊருக்குப் போய்ச் சீனச் சாப்பாடு சாப்பிடுவது வீண் என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?
— வாசகி, பரமக்குடி

பதில்: வீண் என்று உங்கள் கணவர் எண்ண வேண்டியதில்லை. கீழை நாட்டுச் சுவை இந்தக் கரைக்கு ரிசார்ட்டுகளோடு வந்து சேர்ந்ததன்று. கீழக்கரை வீடுகளில் தேங்காய்ப்பாலையும் இனிப்பையும் மாவோடு சேர்த்து, எண்ணெய் கக்கித் திரளும் வரை மணிக்கணக்கில் கிளறி எடுக்கும் தொதல், கடல் வாணிகத்தின் வழியே வந்த மலாய்க்காரர்களின் ‘டோடோல்’தான்.

என் கவலையெல்லாம் உங்கள் மாமியாரைப் பற்றியது. இதே கரையில் ஒரு விடுதியில், என்னோடு வந்த பெரியவர் ஒருவருக்குச் சைவ நூடுல்ஸ் என்று சொல்லித்தான் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் வாயிலேயே அவர் முகம் மாறியது. சமையற்காரரை அழைத்துக் கேட்டபோது, அவர் தயங்காமல் சாஸ் போத்தலை எடுத்து வந்து காட்டினார். அதன் மேல் சிப்பிப் படம் இருந்தது. பெரியவர் தட்டை நகர்த்திவிட்டு, தயிர்ச்சோற்றோடு எழுந்தார். அந்தச் சமையற்காரர் ஏமாற்றவில்லை. காய்கறி மட்டும் போட்டால் சைவம் என்று நம்பியிருந்தார். ஆகவே ‘சைவமா?’ என்று கேட்டு நிறுத்திவிடாமல், ‘என்ன சாஸ் ஊற்றுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். தாய்லாந்துச் சமையலின் மீன் சாஸ், நெத்திலியை உப்பிட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடிப்பது. மலாய்ச் சம்பலில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். ஜப்பானிய மிசோ சூப்பின் அடிச்சாறு வழக்கமாக நம் மாசிக் கருவாட்டைப் போன்ற உலர்ந்த சூரை மீனிலிருந்து இறக்குவது. சோயா சாஸ் மட்டும் ஊற்றி, தனிச் சட்டியில் செய்து தரும்படி மதியமே சொல்லிவைத்துவிட்டால் இரவில் வாக்குவாதம் இராது.

பிள்ளைகளின் சுஷிக்கு வருகிறேன். சோற்றோடு பெரும்பாலும் வேகாத மீனை வைத்துத் தரும் ஜப்பானியப் பண்டம் அது. படகிலிருந்து அப்போதே இறங்கிய மீன்தானே, பச்சையாகத் தின்னலாம் என்று நினைப்பது தவறு. தசைக்குள் இருக்கும் புழுக்கள் சாக, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்த மீனா என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால், வெந்த இறாலோ வெள்ளரிக்காயோ வைத்த சுஷியே போதும்.

நீங்கள் போவது தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் அப்போது இக்கரையின் புது மீன். எனவே உணவுப் பட்டியலைப் பிரிக்குமுன், ‘இன்று நாட்டுப்படகில் என்ன வந்தது?’ என்று உங்கள் கணவரையே கேட்கச் சொல்லுங்கள். கணவாய் வந்திருந்தால், பூண்டும் மிளகும் போட்டுச் சீனச் சட்டியில் பெருந்தீயில் புரட்டித் தரச் சொல்லலாம். இரண்டே நிமிடம், அதற்கு மேல் அடுப்பில் இருந்தால் ரப்பராகிவிடும்.