கொழும்பில் எங்கே போவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் மனைவியுடன் நான்கு நாள் கொழும்பு போகிறேன். இணையத்தில் தேடினால் ‘கட்டாயம் பார்க்க வேண்டிய 25 இடங்கள்’ என்றுதான் வருகிறது. எல்லாப் பட்டியலிலும் அதே கடை, அதே கஃபே. அவளுக்குக் கைத்தறி பிடிக்கும், எனக்குக் கட்டடங்கள். புது ஊரில் ரசனையான இடங்களை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? இல்லை, இதெல்லாம் காசுள்ளவர்கள் சமாச்சாரமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

ஒரு ஊருக்குக் கிளம்புமுன் அந்த ஊரின் ரசனையை உருவாக்கியவர் யார் என்று பார்ப்பேன். ஒருவர் சிக்கினால் போதும். அவருடைய நண்பர்கள், அவருக்குத் துணி நெய்தவர்கள், அவர் சாப்பிட உட்கார்ந்த இடம் என்று மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். கொழும்பில் அந்த ஆள் ஜெஃப்ரி பாவா. வக்கீலாக இருந்து 38 வயதில் கட்டடக்கலைஞர் ஆனவர். உங்கள் ஊர் மதுரை கிளப்பும் அவர் வடிவமைத்ததுதான். போகுமுன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் அவர் வாழ்ந்த வீடு, ‘நம்பர் 11’. பகத்தலை வீதியிலிருந்து பிரியும் ஒரு முட்டுச்சந்தில் இருக்கிறது. வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் ஒன்றில் 1950களின் கடைசியில் வாடகைக்குக் குடியேறி, பத்தாண்டுகளில் நான்கையும் வாங்கி ஒன்றாக்கிவிட்டார். உள்ளே நுழைந்ததும் பழைய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று நிற்கும். அதைத் தாண்டினால் நீளமான வெள்ளை நடை. ஜன்னல் என்று பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் இருட்டும் இல்லை. அங்கங்கே கூரையைத் திறந்துவிட்டு, வெளிச்சத்தை மேலிருந்து கொட்டவைத்திருக்கிறார். ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியருகே செட்டிநாட்டுத் தூண்கள்! நம் பக்கம் வீட்டை இடித்து விற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் அங்கே கொஞ்சம் பார்க்கலாம்.

அவருடைய பழைய அலுவலகம் இப்போது ‘கேலரி கஃபே’. நீங்கள் பார்த்த பட்டியல்களில் கட்டாயம் இருந்திருக்கும். சாப்பாடு பரவாயில்லை, விலை கூடுதல். வாசலிலிருந்து மேஜைவரை முற்றம் முற்றமாகக் கடந்து போகும் அந்த நடைக்காகவே ஒரு காபி குடிக்கலாம்.

உங்கள் மனைவிக்கு ‘பேர்ஃபுட்’ கைத்தறிக் கடை, காலி (Galle) வீதியில். பாவாவின் நண்பர் பார்பரா சன்சோனி உருவாக்கியது. நல்லாயன் கன்னியர் மடம் ஏழைப் பெண்களுக்கு நெசவு கற்றுத்தந்தபோது, வண்ணமும் வடிவமும் அமைத்துத் தர ஓவியரான இவரை அழைத்தார்கள். அங்கே தொடங்கியதுதான் எல்லாம். ஒரு துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் பச்சை, அதையொட்டி ஆரஞ்சு; காகிதத்தில் எழுதினால் கண்ணைக் குத்தும், துணியில் குத்தாது. பின்புறம் தோட்டத்தில் சாப்பிட இடம் உண்டு. அவர் துணி வாங்கி முடிக்கும்வரை நீங்கள் அங்கே உட்காரலாம், நேரம் ஆகும்.

இன்னொரு நண்பர் ஏனா டி சில்வா, துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் (batik) கலைஞர். பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் அவருக்குக் கட்டிய வீட்டை, பின்னாளில் பக்கத்து மருத்துவமனை வாங்கியது. இடிபடப் போன அந்த வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பெந்தோட்டை அருகே பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் மறுபடி எழுப்பிவிட்டார்கள். ஒருநாள் ஒதுக்க முடிந்தால் போய்வாருங்கள்.

காசு பற்றிக் கேட்டீர்கள். பாவாவிடம் வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பேரே வாவியில் மிதப்பதுபோல நிற்கும் சீமா மாலகையும் அவர் வேலைதான். மகனைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் வணிகர், அவன் நினைவாகப் பணம் தர, 1970களில் எழுந்த பௌத்த மண்டபம். சின்னக் கட்டணம்தான். செருப்பைக் கழற்றிவிட்டு மரச்சட்டங்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், காற்று தாராளமாக வரும். மத்தியானம் வேண்டாம், வெளித்தளம் காலைச் சுட்டுவிடும்.

சாயங்காலம் காலிமுகத் திடலில் இறால் வடை. அதற்குப் பட்டியலும் வேண்டாம், பாவாவும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. நம்பர் 11-க்கு நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது. பாவா அறக்கட்டளையிடம் முன்பதிவு செய்ய வேண்டும். இந்த வாரமே எழுதிவிடுங்கள்.