குறுக்கெழுத்துப் புதிரில் சிலர் ஆயுள் முழுவதும் ஆழ்ந்திருப்பது ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி இது: குறுக்கெழுத்துப் புதிர்களைப் பல ஆண்டுகளாக நாள் தவறாமல் போடுகிறவர்கள் அவற்றில் அப்படி என்னதான் காண்கிறார்கள்? விடையைச் சொல்விளையாட்டுக்குள் மறைத்துத் தரும், ஆங்கிலத்தில் உள்ளதைப் போன்ற மறைகுறிப்புப் புதிர்கள் தமிழில் இயலுமா?

முதல் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து விடை சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கான விடையும் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டியில் என் அலுவலகத்து மூத்தவர் ஒருவருடன் நாள்தோறும் பயணம் செய்தேன். அவர் கையில் மடித்த ஆங்கில நாளிதழும் ஒரு பென்சிலும் இருக்கும். குரோம்பேட்டையில் தொடங்குவார், எழும்பூர் வருவதற்குள் பெரும்பாலான கட்டங்கள் நிரம்பியிருக்கும். நான் தலையை நீட்டிப் பார்த்து, எனக்குத் தோன்றிய விடையைச் சொல்வேன். "கட்டத்தில் பொருந்துகிறது தம்பி, ஆனால் குறிப்பில் பொருந்தவில்லையே, திரும்பப் படியுங்கள்" என்பார். விடையைச் சொல்லித்தர அவர் ஒருநாளும் இசைந்ததில்லை. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எதற்காக வந்திருக்கிறது என்று சொல்ல முடிகிறபோதுதான் விடையை எழுத வேண்டும் என்பது அவருடைய நெறி. எனக்கு அது பிடிபட ஆறு மாதங்கள் ஆயின. பிடிபட்ட பிறகு, இன்றுவரை விடவில்லை.

குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவில். லிவர்பூலில் பிறந்து அங்கே குடியேறிய ஆர்தர் வின் என்ற இதழாளர், 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவத்தில் ஒரு புதிரை வெளியிட்டார். அது நேரடியான பொருள் கேட்கும் புதிர். 'பறவை வகை' என்று குறிப்பு இருந்தால், நான்கு கட்டங்களில் அடங்கும் ஒரு பறவையின் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான். அது இங்கிலாந்துக்குச் சென்ற பிறகுதான் வேறொன்றாக மாறியது. எட்வர்ட் பாவிஸ் மேதர்ஸ் என்பவர், சமயக் குற்றம் சாட்டப்பட்டவர்களை வதைத்து விசாரித்த, ஸ்பெயின் நாட்டின் சமய விசாரணைத் தலைவரான டார்கெமாடாவின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு, 1926 முதல் அப்சர்வர் வார இதழில் முழுக்க முழுக்க மறைகுறிப்புகளால் ஆன புதிர்களை அமைத்தார். அவருக்குப் பின் வந்தவர் சிமினிஸ். 1972இல் அவரைத் தொடர்ந்தவர் ஆசெத். இவையும் விசாரணைத் தலைவர்களின் பெயர்களிலிருந்து எடுக்கப்பட்டவையே. ஆசெத் என்பது தேசா என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டது. விடை காண்பவரை வதைப்பதாகப் பெயர். ஆனால் இவர்களில் சிமினிஸ்தான் அந்த வதைக்குக் கறாரான வரம்பு கட்டியவர்.

அந்த வரம்பை இன்னும் சுருக்கமாகச் சொன்னவர் அதே காலத்தில் வாழ்ந்த ஆஃப்ரிட் என்ற புதிராசிரியர். நான் சொல்வதையே நான் கருத வேண்டியதில்லை, ஆனால் நான் கருதுவதைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. குறிப்பு படிப்பவரை வேறெங்கோ இழுத்துச் செல்லலாம், ஆனால் விடைக்குச் செல்லும் வழி அந்தக் குறிப்பின் சொற்களிலேயே முழுமையாக இருந்தாக வேண்டும். ஒரு மறைகுறிப்பில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றொன்று அதே விடையை எழுத்துகளால் கட்டித்தரும் சொல்விளையாட்டு. இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர்வதால், சரியான விடை கிடைத்த அந்த நொடியிலேயே அது சரி என்பதும் தெரிந்துவிடும். மறுநாள் இதழைப் பார்த்து உறுதி செய்ய வேண்டிய தேவையே எழாது. அந்த நொடிதான் இவர்களைப் பல்லாண்டுகள் கட்டிப் போடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த நேர்மை இல்லாத குறுக்கெழுத்து எப்படி இருக்கும் என்பதையும் நம் நாடு கண்டிருக்கிறது. விடுதலைக்கு முன்னும் பின்னும் இந்தியாவில் பெருந்தொகைப் பரிசுகளுடன் குறுக்கெழுத்துப் போட்டிகள் நடந்தன. ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் சமமாகப் பொருந்தும். அவற்றுள் எது உறையில் இட்டு முத்திரை வைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஊகிப்பதே போட்டி. நாடாளுமன்றம் 1955இல் இயற்றிய பரிசுப் போட்டிகள் சட்டம், மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் இத்தகைய போட்டிகளைத் தடை செய்தது. திறமைக்குப் போதிய இடமில்லாத இத்தகைய போட்டி சூதாட்டமே என்று 1957இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இரண்டு விடைக்கு இடம் தரும் குறிப்பைக் கண்டால் என் மூத்தவர் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவருடைய முகம்தான் நினைவுக்கு வந்தது.

இனித் தமிழுக்கு வருகிறேன். மறைகுறிப்பு முறை ஆங்கிலத்துக்கே உரியது என்று எண்ணுகிறவர்கள் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் படித்துப் பார்க்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்த நூல், சித்திரகவி வகைகளுள் வினாவுத்தரம் என்று ஒன்றைச் சொல்கிறது. அதற்கு எடுத்துக்காட்டாக வரும் வெண்பா வரிசையாகக் கேள்விகள் கேட்கிறது. பூமகள் யார்? திரு. போகிறவனை ஏவுகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரில் விடும் சரத்துக்குப் பெயர் என்ன? அம்பு. அழகுக்குப் பெயர் என்ன? அம். கடைசியாக, பிறை சூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது என்று கேட்கிறது. திரு, ஏகு, அம்பு, அம் ஆகிய நான்கையும் புணர்த்தினால் திருவேகம்பம்; காஞ்சிபுரத்துச் சிவன் கோயில். உறுப்புகளைக் கட்டித்தரும் சொல்விளையாட்டு முன்னே நிற்கிறது, முழுச்சொல்லின் நேர்ப்பொருள் பின்னே நிற்கிறது. ஆஃப்ரிட் கேட்கும் எல்லாம் இதில் இருக்கின்றன. ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் எழுத்து வருத்தனமும், குறைத்துக்கொண்டே போகும் அக்கரச்சுதகமும், ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுளை ஒளித்து வைக்கும் கரந்துறைச் செய்யுளும் அதே பட்டியலில்தான் வருகின்றன. நம்மிடம் இல்லாதிருந்தது கட்டம் மட்டுமே.

ஆனால் அந்தக் கட்டத்தில்தான் தமிழுக்கு உண்மையான சிக்கல்கள் எழுகின்றன. நாம் ஒரு கட்டத்துக்கு ஓர் உயிர்மெய்யை இடுகிறோம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளுக்குள் இரண்டு சொற்கள் குறுக்கிடுவது எளிது. 247 எழுத்துகளில் அது அரிது. மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் பிறமொழிச் சொற்களைத் தவிர்த்தால் முதலில் வருவதில்லை. ஆகவே 'மரம்' என்று எழுதினால், அதன் கடைசிக் கட்டத்தில் உள்ள 'ம்' என்ற எழுத்திலிருந்து கீழ்நோக்கி எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. தமிழ் இதழ்களின் புதிர்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு, வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழிருந்து ஏறிவரும் சொல் அதே 'ம்' என்ற எழுத்தில் முடியலாம் அல்லவா? தமிழின் சொல்லமைப்பே இந்த வழக்கத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

குறிப்பை எழுதும்போது வரும் சிக்கல் வேறு. நான் எழுதிய ஒன்றைக் காட்டுகிறேன், அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்தெண்ணிக்கை: 'ஆடிப்போன கதவு தரும் தகுதி (3)'. கதவு என்ற சொல்லின் எழுத்துகள் ஆடி இடம் மாறினால் தகவு. அதன் பொருள் தகுதி. இதையே 'கதவை ஆட்டினால்' என்று எழுதினால் குறிப்பு பொய்யாகிவிடும். வேற்றுமை உருபு சேர்ந்தவுடன் 'வு' மறைந்து 'வை' வந்துவிடுகிறது. விடையில் 'வை' இல்லை. சொல்லோடு உருபு ஒட்டாத ஆங்கிலத்தில் புதிராசிரியருக்கு இந்தக் கவலை இல்லை. கவலை என்றதும் நினைவுக்கு வருகிறது: கவலை, கலவை ஆகிய இரண்டும் ஒன்றின் எழுத்துகளை மாற்றிப் பெற்ற மற்றொன்றா? கட்டத்தின் கணக்கில் இல்லை. வ, லை என்பவை வேறு, ல, வை என்பவை வேறு. உயிரையும் மெய்யையும் பிரித்துப் பார்த்தால் ஆம். வகர மெய்யும் லகர மெய்யும் மட்டுமே இடம் மாறியிருக்கின்றன. எந்தக் கணக்கில் ஆடப்போகிறோம் என்பதைப் புதிராசிரியர் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும் என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன். நடுவழியில் கணக்கை மாற்றுவது விடை காண்பவருக்குச் செய்யும் துரோகம்.

மாறாக, ஒளித்து வைக்கும் வகை தமிழுக்கு இயல்பாகவே அமைகிறது. 'சந்தா மரைக்காயரிடம் உள்ள மலர் (3)' என்று படித்தவுடன், ஒரு வாசகர் சந்தா கட்டி வாங்கிய தீபாவளி மலர் நினைவுக்கு வரும். 'உள்ள' என்பதற்கு 'உள்ளே இருக்கிற' என்று பொருள் கொண்டு, முதல் இரண்டு சொற்களையும் இடைவெளி இல்லாமல் படித்துப் பாருங்கள். நடுவில் தாமரை பூத்திருக்கும்.

புதிராசிரியரின் முகம் விடை காண்பவருக்குத் தெரியாது. ஆனால் பத்து ஆண்டுகள் ஒருவருடைய புதிர்களைப் போட்டால், அவருக்கு எது பிடிக்கும், எங்கே குழியை வெட்டி எப்படி மூடுவார் என்பதெல்லாம் நண்பரின் பேச்சைப் போலப் பழகிவிடும். இந்து நாளிதழின் புதிர்களை 1970களில் அமைத்தவர் ராம் தாஸ் கட்டாரி என்பதையும், அவர் 1958இல் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் என்பதையும் என் மூத்தவர் சொல்லித்தான் அறிந்தேன். கடற்படைத் தலைவர் ஒருவர் ஓய்வுக்குப் பின், முகம் தெரியாத ஆயிரமாயிரம் பேருக்காகச் சொற்களை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றும் இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஜான் கிரஹாமின் கதையை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. அவர் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். 1958 முதல் கார்டியன் நாளிதழுக்குப் புதிர் அமைத்தார். மணமுறிவு காரணமாகத் திருச்சபைப் பணியை இழந்தபோது அதுவே அவருடைய முழுநேர வாழ்வாதாரமும் ஆயிற்று. அவருடைய புனைபெயர் அராக்கேரியா. ஆங்கிலத்தில் 'குரங்குப் புதிர்' என்றே அழைக்கப்படும் மரத்தின் தாவரவியல் பெயர் அது. 2013 ஜனவரியில் அவருடைய புதிர் ஒன்று ஒரு முன்குறிப்புடன் வெளிவந்தது. அராக்கேரியாவுக்கு 19இல் 18 வந்திருக்கிறது, அதற்கு 13, 15 சிகிச்சை அளிக்கப்படுகிறது என்பதே அந்த வாசகம். விடை கண்டவர்கள் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போனார்கள். 18ஆம் குறிப்பின் விடை புற்றுநோய். 19 என்பது உணவுக்குழாய். 13, 15 இரண்டும் சேர்ந்து வலி தணிப்புப் பராமரிப்பு. தொண்ணூறு வயதைக் கடந்த ஒருவர், தன் இறுதி நெருங்குவதைத் தன் வாசகர்களுக்கு அவர்களோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிவந்த மொழியிலேயே தெரிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் அவர் மறைந்தார்.

அந்தப் புதிரைப் பிற்பாடு தேடி எடுத்து நானும் போட்டுப் பார்த்தேன். செய்தி முன்பே தெரிந்திருந்தும், அந்தச் சொற்களை என் கையால் எழுத வேண்டியிருந்தபோது பென்சில் நின்றுவிட்டது. செய்தித்தாளின் இரங்கல் குறிப்பு ஒன்றைப் படிக்கும்போது இப்படி நேர்வதில்லை. அந்தச் செய்தியை அவர் சொல்ல, நாமாகக் கண்டுபிடித்து எழுத்தெழுத்தாக எழுதுகிறோம்.

என் மூத்தவருக்கு இப்போது எண்பது வயது கடந்துவிட்டது. திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். கண்பார்வை குறைந்துவிட்டதால் காலையில் நான் தொலைபேசியில் குறிப்புகளைப் படிக்கிறேன். அவர் விடை சொல்கிறார். நான் எழுதும் தமிழ்க் குறிப்புகளையும் அவரிடம்தான் முதலில் சொல்லிப் பார்க்கிறேன். சென்ற வாரம் ஒன்றைச் சொன்னேன்: 'தலையிழந்த குதிரை கடலில் எழும் (2)'. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "விடை கிடைத்துவிட்டது தம்பி, ஆனால் விடை பெயர்ச்சொல், நீங்கள் வினையாக முடித்திருக்கிறீர்களே" என்றார். உடனே திருத்தினேன். 'தலையிழந்த குதிரை கடலில் எழுவது (2)'.