கொடைக்கானல் குளிரில் ஆட்டுக்கறி சரியாக வேகவில்லை. உடம்புக்கும் நல்லதாக எப்படிச் சமைப்பது?

கறியைக் குறை சொல்லாதீர்கள், காரணம் உயரம்தான். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். எலும்பை ஒட்டிய சவ்வு கரைய நல்ல சூடும் நேரமும் வேண்டும். அதனால் திறந்த சட்டியில் போராட வேண்டாம், குக்கரே நல்லது. மதுரையில் ஐந்து விசில் வைத்தவர் இங்கே ஏழு வைக்கலாம். நாட்டுக்கோழிக்கும் இதே கணக்குதான். பிராய்லர் கோழி சீக்கிரம் வெந்துவிடும்.

மார்கழி, தை மாதங்களில் எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது எலும்புக் குழம்பு. நெஞ்செலும்பு அரை கிலோ, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், அப்புறம் இரண்டு கைப்பிடி மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது. காரமும் மணமும் தூக்கலாக இருக்கும், வாங்காமல் விட்டுவிடாதீர்கள். கறி முக்கால் பதம் வெந்ததும் கேரட்டும் பீன்ஸும் போட்டு மூடிவிடுங்கள். தேங்காய் தேவையே இல்லை.

கொழுப்பு கவலையா? குழம்பு ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளையாக உறைந்திருப்பதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். முழுவதும் எடுக்க வேண்டாம்; கேரட்டின் சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். சாப்பிடும் முன் நன்றாகக் கொதிக்க வையுங்கள்.