இம்பாக்ட் ஃபேக்டர் குறைந்த துறையில் தீசிஸ் எடுக்கலாமா?

கேள்வி: தென் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சமூக மருத்துவம் எம்.டி. முதலாண்டு படிக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகச் செய்யும் வி.ஐ.ஏ. (வினிகர் கரைசல் தடவிக் கண்ணால் பார்க்கும்) பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த பெண்களில் பலர், அடுத்த கட்டமான கால்போஸ்கோபிக்கு (கருப்பைவாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பதற்கு) வருவதே இல்லை. ஏன் என்று தீசிஸில் ஆராய ஆசை. "தடுப்புத் துறை இதழ்களுக்கு இம்பாக்ட் ஃபேக்டரே கிடையாது, பயோமார்க்கர், ஏ.ஐ. என்று டிரெண்டில் இருப்பதை எடு" என்கிறார்கள் சீனியர்கள். இதற்கிடையில், 15,000 ரூபாய் கட்டினால் பத்து நாளில் கட்டுரையை வெளியிடுவதாக ஓர் இதழிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தலைப்பை மாற்றாதீர்கள். அந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். சீனியர்கள் சொன்னதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அதில் பாதி உண்மை இருக்கிறது.

ஓர் இதழின் 2023-ஆம் ஆண்டு இம்பாக்ட் ஃபேக்டர் எப்படி வருகிறது? 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அது வெளியிட்ட கட்டுரைகள் 2023-இல் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அந்த இரண்டு ஆண்டுகளின் கட்டுரை எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அவ்வளவுதான். தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்ட் இதை உருவாக்கியது இதழ்களைத் தெரிவுசெய்ய. ஆய்வாளருக்கோ ஒரு தனிக் கட்டுரைக்கோ மார்க் போட அல்ல. சராசரி என்பதால் ஒன்றிரண்டு கட்டுரைகளே மொத்தத்தையும் தூக்கிவிடும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 'சி.ஏ.' இதழுக்கு 2023-க்கான மதிப்பு 500-க்கும் மேல். காரணம் எளிது. ஆண்டுதோறும் அதில் வரும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரையை, புற்றுநோய் பற்றி உலகில் யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே மேற்கோள் காட்டிவிடுவார்கள். இன்னொரு பக்கம், தடுப்புக்கென்றே 2008-இல் தொடங்கிய 'கேன்சர் பிரிவென்ஷன் ரிசர்ச்' 3-ஐ ஒட்டியே நிற்கிறது. உங்கள் சீனியர்கள் சொன்ன பாதி உண்மை இதுதான்.

மீதிப் பாதியை அவர்கள் சொல்லவில்லை. தடுப்பு ஆய்வின் பலன் இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் வராது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2006-இல். அது புற்றுநோயையே குறைக்கிறது என்பதை ஸ்வீடன்காரர்கள் சுமார் 16.7 லட்சம் பெண்களின் பதிவேடுகளை வைத்துக் காட்டியது 2020-இல். 17 வயதுக்கு முன்பே போட்டுக்கொண்டவர்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88% குறைவு. பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற விடை. புதிய கீமோ மருந்தின் சோதனைக்கு இந்தப் பொறுமை தேவையில்லை. அதனால்தான் மேற்கோள்களும் அங்கே சீக்கிரம் குவிகின்றன.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். அம்பிளிக்கை கிராமத்து மருத்துவமனையும், பிரான்சின் லியோனில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும், அடையாறு புற்றுநோய் மையத்தாரும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. 2000-இல் தொடங்கி, 2007-இல் லான்செட்டில் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் புதிதாக நோய் வந்தோர் 25% குறைவு, இறப்பு 35% குறைவு. பிறகு தமிழ்நாடு அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாக இதைச் செய்துபார்த்து, மாநிலம் முழுக்க விரித்தது. உங்கள் பி.எச்.சி.யில் வினிகர் கரைசலோடு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் உட்கார்ந்திருப்பதன் பின்னணி இது. ஒரு கட்டுரையின் தாக்கம் என்று நான் எண்ணுவது இதைத்தான்.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2009-இல் மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் ஆய்வு வந்தது. 1,31,746 பெண்கள். ஒரே ஒரு ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை, கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அதே ஆய்வில் வி.ஐ.ஏ. செய்த பிரிவில் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்லும் சோதனை என்பதால் பார்ப்பவரின் பயிற்சிக்கேற்ப விடை மாறும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் டி.என்.ஏ. பரிசோதனையையே முதல் தேர்வாக வைத்தது. அப்படியானால் வி.ஐ.ஏ. பற்றிய உங்கள் தீசிஸ் பழசாகிவிடாதா என்று தேர்வாளர் கேட்பார். ஆகாது. எந்தச் சோதனையில் பாசிட்டிவ் வந்தாலும் அந்தப் பெண் அடுத்து எங்கோ போயாக வேண்டும். அந்த இடைவெளியைத்தான் நீங்கள் அளக்கப்போகிறீர்கள்.

இனி டிரெண்டுக்கு வருகிறேன். 1981-இல் பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டால் அவர்களில் ஒருவர். காய்கறி அதிகம் சாப்பிடுபவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்பது கண்காணிப்பு ஆய்வுகளில் தெரிந்தது. அதில் உள்ள கரோட்டினே காரணமாக இருக்கலாம், சோதித்துப் பாருங்கள் என்றார்கள். நியாயமான ஊகம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தார்கள். 1994-இல் விடை வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்துகொண்டிருந்த இன்னொரு சோதனையில் 28% அதிகம் என்று தெரிந்ததும் 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். நல்ல இதழ், பெரிய பெயர்கள், நம்பத்தகுந்த காரணம் எல்லாம் இருந்தும், மனிதர்களிடம் சோதித்தபோது எதிர்த்திசையில் போனது. சோதிக்காமலே விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

நம் ஊர் ஆய்வகங்களில் இதே இடத்தைக் குர்குமின் பிடித்திருக்கிறது. மஞ்சளின் இந்தக் கூறு தட்டில் வளர்த்த புற்றுசெல்லைக் கொல்கிறது என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகள். உடலில் அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை, நிலைத்தும் நிற்பதில்லை, பல சோதனைகளில் பொய்யான பாசிட்டிவ் காட்டும் பொருள் என்று மருந்து வேதியியலாளர்கள் 2017-இல் எழுதிவிட்டார்கள். கட்டுரைகள் நின்றபாடில்லை. மஞ்சளைக் குழம்பில் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். தீசிஸில் போடுவதை யோசிக்கலாம்.

இப்போது பேசப்படுவது, ஒரே ரத்தப் பரிசோதனையில் பல புற்றுநோய்களைக் கண்டுபிடிப்பது. இங்கிலாந்தில் 1,40,000 பேரைச் சேர்த்து அந்நாட்டு பொது மருத்துவ சேவை நடத்திய கேலரி ஆய்வு எதை முதன்மை அளவாக வைத்தது தெரியுமா? முற்றிய நிலையில் கண்டறியப்படும் புற்றுநோய்களின் எண்ணிக்கையை, இறப்பை அல்ல. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். அதே நாட்டில் சினைப்பைப் புற்றுநோய்க்காக 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்தார்கள். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் என்ற பிரிவில் முதல் நிலையில் கண்டறியப்பட்டவை கூடின, முற்றியவை குறைந்தன. 2021-இல் இறப்பை எண்ணியபோது வித்தியாசமே இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், அதனால் கூடுதலாக உயிர்கள் மிஞ்சவில்லை. தென் கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்து 1993-க்கும் 2011-க்கும் இடையில் புற்றுநோய்க் கணக்கு 15 மடங்காக ஏறியது; இறப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்கிரீனிங் பற்றிய எந்தக் கட்டுரையைப் படித்தாலும் எதை எண்ணினார்கள் என்ற கேள்வியோடு தொடங்குங்கள்.

டிரெண்டுக்குள்ளும் நல்லவை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ஒரே டோஸ் கதை. 2009-இல் இந்தியாவில் ஹெச்.பி.வி. தடுப்பூசி இரண்டு டோஸா மூன்று டோஸா என்று ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையும் அதன் மையங்களில் ஒன்று. வேறொரு திட்டம் பற்றி எழுந்த சர்ச்சையால் 2010 ஏப்ரலில் அரசு எல்லா ஆய்வுகளிலும் தடுப்பூசி போடுவதை நிறுத்தச் சொன்னது. ஒரே டோஸோடு நின்றுபோன சிறுமிகள் ஆயிரக்கணக்கில். ஆய்வாளர்கள் கடையைக் கட்டவில்லை, பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். ஹெச்.பி.வி. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை ஒரே டோஸ் 95% அளவுக்குத் தடுத்தது என்று 2021-இல் எழுதினார்கள். கென்யாவிலிருந்து வந்த குலுக்கல் முறை ஆய்வும் ஒத்துப்போக, 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் அட்டவணையை ஏற்றது. ஏழை நாடுகளின் தடுப்பூசிச் செலவே மாறிவிட்டது.

உங்கள் கேள்வியும் இந்த வரிசையைச் சேர்ந்ததுதான். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21), 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9%. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10%. நாட்டிலேயே முன்னணியில் இருந்தும் பத்தில் ஒருவர். திண்டுக்கல் ஆய்வு வந்ததோ 2007-இல். செய்தால் பலன் உண்டு என்பது தெரிந்த பிறகும் ஏன் நடக்கவில்லை என்று ஆராய்வதற்கு உலகெங்கும் இப்போது தனி இதழ்களும் நிதியும் இருக்கின்றன. ஆக, நீங்கள் டிரெண்டுக்கு வெளியே இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள்: இதை விழிப்புணர்வுக் கேள்வித்தாளாக மாற்றிவிடாதீர்கள். "பெண்களிடம் அறிவு குறைவாக உள்ளது, சுகாதாரக் கல்வி தேவை" என்று முடியும் தீசிஸ்கள் ஒவ்வொரு நூலகத்திலும் அடுக்கடுக்காகத் தூங்குகின்றன. முடிவைப் படிக்காமலே சொல்லிவிடலாம். அதற்குப் பதில், ஒரு வட்டாரத்தின் எல்லா பி.எச்.சி. பதிவேடுகளிலிருந்தும் பாசிட்டிவ் வந்த அத்தனை பேரையும் பட்டியலெடுங்கள். கால்போஸ்கோபி அறைக்கு எத்தனை பேர், எத்தனை நாளில் வந்தார்கள் என்று எண்ணுங்கள். வராதவர்களை மட்டுமல்ல, வந்தவர்களையும் பேட்டி எடுங்கள். ஒப்பிட ஆள் இல்லாமல் காரணம் சொல்ல முடியாது. பஸ் செலவு, போன நாள் கூலி, துணைக்கு வர ஆள், மருத்துவமனையில் 'நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்பப்பட்டது, பாசிட்டிவ் என்பதை யார் என்ன வார்த்தையில் சொன்னார்கள், எல்லாவற்றையும் குறியுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் முக்கியமாக வெளிவரும் என்பது என் ஊகம். முடிந்தால் ஒரு படி மேலே போய், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்ப் பேசும் வட்டாரத்தையும், வழக்கம்போல் நடக்கும் வட்டாரத்தையும் ஒப்பிடுங்கள். அப்படிச் செய்தால் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதியிட்ட பதிவை அவர்கள் ஏற்பதில்லை.

எங்கே அனுப்புவது? உங்கள் முடிவைப் படித்து எதையாவது மாற்றக்கூடியவர் யார் என்று பாருங்கள். மாநில, மாவட்ட அதிகாரிகளும் சக துறையினரும் என்றால் இந்தியன் ஜர்னல் ஆஃப் கம்யூனிட்டி மெடிசின், இந்தியன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் ஹெல்த் இரண்டும் போதும். வட்டார ஒப்பீடு வரை போய்விட்டால் ஜே.சி.ஓ. குளோபல் ஆன்காலஜி, லான்செட் ரீஜனல் ஹெல்த்தின் தென்கிழக்கு ஆசியப் பதிப்பு போன்றவற்றுக்கு முயலலாம். ரிஜெக்ட் ஆகி வந்தாலும் ரிவ்யூவர் குறிப்பு கையில் மிஞ்சும். வேலைக்கு உதவுமா என்ற கவலைக்கு: தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி.) 2022-இல் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிகள் மெட்லைன், ஸ்கோப்பஸ், டி.ஓ.ஏ.ஜே. போன்ற எந்தப் பட்டியலில் இதழ் இருக்கிறது என்பதைத்தான் கேட்டன. இம்பாக்ட் ஃபேக்டருக்கு அதில் எல்லை வைக்கவில்லை. விதிகள் மாறுபவை, விண்ணப்பிக்கும் ஆண்டின் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் மின்னஞ்சல் ஏன் குப்பை என்றால், உண்மையான பீர் ரிவ்யூவுக்கு (சக துறையினர் கட்டுரையை மதிப்பிடுவதற்கு) ஆள் பிடிக்கவே பத்து நாள் போதாது. சந்தேகம் வந்தால் இதழின் பெயரை டி.ஓ.ஏ.ஜே.யிலும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலிலும் நீங்களே தேடுங்கள். இதழின் இணையதளத்தில் ஒட்டியிருக்கும் லோகோவை நம்பாதீர்கள். இம்பாக்ட் ஃபேக்டர் இருப்பதும் காப்பு இல்லை. 'டியூமர் பயாலஜி' இதழில் வந்த 107 கட்டுரைகளைப் போலி ரிவ்யூ காரணமாக 2017-இல் ஒரே வீச்சில் திரும்பப் பெற்றார்கள். 2023-இல் ஹிந்தாவி பதிப்பகம் திரும்பப் பெற்றவை 8,000-க்கும் மேல். அப்படி ஒரு கட்டுரை உங்கள் பெயரில் வந்துவிட்டால் ஒவ்வொரு நேர்முகத்திலும் கூடவே வரும்.

பி.எச்.சி. பதிவேட்டைத் தொட எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலோடு பொது சுகாதார இயக்குநரகத்தின் அனுமதியும் வேண்டும். அது கைக்கு வர நீங்கள் நினைப்பதைவிட அதிக காலம் ஆகும். தலைப்பு கமிட்டியில் நிறைவேறிய வாரமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், மாவட்ட சுகாதார அலுவலரையும் அப்போதே நேரில் போய்ப் பாருங்கள்.