ரவுண்டும் குண்டும்

அன்புள்ள ஐயா,

சிறுவர்களுக்கான அறிவியல் நூல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் 'ரவுண்ட்' என்ற சொல் 31 இடங்களில் வருகிறது. அகராதியில் வட்டம், வளையம், உருண்டை, கோளம், சக்கரம், சுற்று, குண்டு என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை சலிப்பூட்டும் என்று இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். பதிப்பாசிரியர் பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். இவற்றில் எது சரியான சொல்? வட்டம் தமிழா, வடமொழியா? பேசாமல் 'ரவுண்டு' என்றே எழுதிவிடலாமா? நான்கு பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் 'குண்டு கிராமங்கள்' பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில். குண்டுக்குப் பிறகு வருகிறேன், முதலில் உங்களைக் கொஞ்சம் திட்டியாக வேண்டும்.

நான்கு பக்கங்களையும் படித்தேன். முதல் பக்கத்தில் அம்மா 'கோள வடிவச் சப்பாத்தி' சுடுகிறாள். இரண்டாம் பக்கத்தில் பௌர்ணமி நிலா 'வளையமாக' எழுகிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரு பையன் 'கண்ணாடி வட்டத்தை' உருட்டுகிறான். சலிப்புத் தட்டக் கூடாது என்பதற்காகப் பொருளையே மாற்றியிருக்கிறீர்கள். இதைப் படிக்கப்போவது எட்டு வயதுக் குழந்தை. தோசை வேறு, கடலை உருண்டை வேறு என்பது அதற்குப் பேச்சு வருவதற்கு முன்பே கைக்குத் தெரியும். தெரிந்ததை நீங்கள் குழப்பலாமா? பிரதியைத் திருப்பி அனுப்பியவருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா'. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. போன இடத்தில் தட்டையானது, திரண்டது, சுற்றி வருவது, முழு எண்ணாக்கியது, துப்பாக்கியில் சுடுவது எல்லாமே அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. தமிழில் அப்படி இல்லை. தரையில் வைத்தால் படிந்து கிடப்பது வட்டம். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஓடுவது உருண்டை. ஒரே போக்கில் மட்டும் ஓடுவது உருளை. நடுவில் விரல் நுழைந்தால் வளையம். வட்டமாக இருந்து கொஞ்சம் கனமும் இருந்தால் வில்லை; கற்பூரத்துக்கும் நறுக்கிய வாழைக்காய்க்கும் அதுதான். கோளம் கணக்குக்கும் வானத்துக்கும் உரியது, அளவு பிசகக் கூடாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் இருக்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திரைக் கோளம் என்று எழுதுகிறார்கள். அதன் குறுக்களவு 36 மீட்டர், உயரம் 29 மீட்டர். மேலும் கீழும் அமுங்கிய உருண்டை என்பதுதான் சரி.

சக்கரம் இந்த வரிசையிலேயே சேராது. அது வடிவத்தின் பெயரல்ல, ஓர் அச்சில் நின்று சுழலும் பொருளின் பெயர். நான்காம் பக்கத்தில் மாட்டுவண்டி வருவதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நடுவில் இருப்பது குடம். அதிலிருந்து கிளம்புபவை ஆரக்கால்கள். பள்ளிக் கணக்கில் வரும் 'ஆரம்' இந்தக் காலின் பெயர்தான். ஆரக்கால்களின் முனையை ஏந்தி நிற்கும் வளைந்த மரத்துண்டுகள் வட்டை. அதன்மேல் இரும்புப் பட்டை. இந்தப் பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே குறைவாக அடித்து வளைப்பார்கள். நெருப்பில் போட்டால் அது விரியும். விரிந்த சூட்டோடு வட்டையின்மேல் ஏற்றி, மரம் கருகுவதற்குள் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது வட்டைத் துண்டுகளும் ஆரக்கால்களும் குடமும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். பட்டையை ரொம்பக் குறைத்துவிட்டால் ஆரக்கால்கள் நெளியும். குறைக்காமல் விட்டால் கோடை வெயிலில் மரம் காய்ந்து பட்டை கழன்றுவிடும். 'சக்கரம் வட்டமாக இருப்பதால் ஓடுகிறது' என்று ஒரே வரியில் நீங்கள் தாண்டிப்போன இடத்தில் குடம், ஆரக்கால், வட்டை, பட்டை என்று நான்கு நல்ல சொற்கள் காத்திருக்கின்றன.

இனி குண்டு. அகராதி வரிசையில் கடைசியாகக் கிடக்கும் இந்தச் சொல்லை நீங்கள் ஓரிடத்தில்கூடத் தொடவில்லை. கொச்சை என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. குண்டுமல்லி, குண்டு பல்பு, குண்டூசி எல்லாவற்றிலும் அது திரட்சியைச் சொல்கிறது. குண்டான், குண்டுச்சட்டி, 'குண்டும் குழியுமான ரோடு' என்கிறபோது ஆழத்தைச் சொல்கிறது. பழந்தமிழிலும் அதற்கு ஆழம், பள்ளம் என்ற பொருள் உண்டு. மேடாகத் திரண்டதற்கும் பள்ளமாக இறங்கியதற்கும் ஒரே சொல்!

கடலூர்க்காரர்களுக்கு இது ஊர்ச் சரித்திரம். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது ஒப்பந்தம். பல திசையிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கடலூரும் அந்த எல்லைக்குள் அகப்பட்டது. இதை 'கோட்டையைச் சுற்றி வட்டமாக' என்று யாராவது எழுதினால் எனக்குப் பொறுக்காது. கிழக்கே கடல், அந்தப் பக்கம் ஊரே கிடையாது. மற்றத் திசைகளில் விழுந்த இடங்களை இணைத்தாலும் வட்டம் வராது. குழலுக்குள் குண்டு சிக்கிக்கொண்டால் பீரங்கியே வெடித்துவிடும் என்பதால் குண்டைக் குழலின் வாயைவிடச் சற்றுச் சிறிதாகவே வார்ப்பார்கள். அந்த இடைவெளி வழியாக வெடிப்புகை கசியும். குண்டும் குழலுக்குள் இங்குமங்கும் மோதிக்கொண்டே வெளியேறும். அதனால் வெடிமருந்து ஒரே எடை, குழல் ஒரே ஏற்றம் என்றாலும் இரண்டு குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை. அப்படித் தாறுமாறாக விழுந்த இரும்புதான் இங்கே எல்லை போட்டது. குண்டு என்ற சொல்லை எடுத்துவிட்டு வட்டம் என்று வைத்தால் மிரட்டல் மறைந்து வெறும் வரைபடம்தான் மிஞ்சும்.

ஆங்கிலத்திலும் பீரங்கிக் குண்டுக்கு 'ரவுண்ட் ஷாட்' என்றுதான் பெயர். தோட்டா இப்போது நீண்டு முனை கூர்ந்துவிட்டது. ஆனால் அவர்கள் அதை இன்னும் 'ரவுண்ட்' என்கிறார்கள், நாம் இன்னும் 'துப்பாக்கிக் குண்டு' என்கிறோம். இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது நம் செய்தித்தாள்கள் என்ன எழுதுகின்றன? 'போலீஸ்காரர் வானத்தை நோக்கி மூன்று சுற்று சுட்டார்.' எது சுற்றியது? ஒருவர் ஒரு துப்பாக்கியால் மூன்று முறை சுட்டால் அது மூன்று குண்டு, அல்லது மூன்று முறை. சுற்று என்றால் வரிசையில் இருக்கும் எல்லோரையும் தொட்டுவிட்டு மறுபடி முதல் ஆளிடம் வர வேண்டும். ஓட்டு எண்ணும்போது 14 மேசையிலும் ஒரு முறை எண்ணி முடித்தால் ஒரு சுற்று. அது சரி. பந்தியில் முதல் இலையிலிருந்து கடைசி இலைவரை சாம்பார் போய்விட்டு மறுபடி வந்தால் இரண்டாவது சுற்று. அதுவும் சரி. அரசு மரியாதையில் 24 காவலர்கள் வரிசையாக நின்று மூன்று சுற்று சுட்டால் 72 குண்டுகள். அங்கே சுற்றும் குண்டும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. '72 குண்டுகள் முழங்க' என்று சரியாக எழுதுகிற அதே பக்கத்தில், கீழே வேறொரு செய்தியில் 'மூன்று சுற்று' என்று இருக்கும். பார்த்தால் மனசு வலிக்கிறது, தம்பி. எந்த அகராதி வரியை நம்பி நீங்கள் எழுதினீர்களோ அதே வரிதான் அவர்களையும் கெடுத்திருக்கிறது.

வட்டம் தமிழா வடமொழியா என்ற விவாதத்தை மொழிநூலாருக்கு விட்டுவிடுங்கள். உங்கள் குழந்தைக்கு அது வேண்டாம். தாலுகாவையும் வட்டம் என்கிறோமே என்று கேட்பீர்கள். அது நிர்வாகச் சொல். கடலூர் வட்டத்தை வரைபடத்தில் பார்த்துவிட்டு யாரும் ஏமாறுவதில்லை. 'ரவுண்டு' என்றே எழுதலாமா என்றால், 'ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்' என்று கதையில் ஒருவர் பேசினால் தாராளமாக எழுதுங்கள். அறிவியல் பாடத்தில் வேண்டாம்.

சொல் திரும்ப வருவதைப் பற்றிய பயத்தை விடுங்கள். ஒரு பக்கத்தில் ஆறு வட்டம் இருந்தால் 'வட்டம்' ஆறு முறை வரட்டும். உண்மையில் பல இடங்களில் அந்தச் சொல்லே தேவைப்படாது. 'ஆண்டின் சுற்று முழுவதும்' என்று எழுதியிருக்கிறீர்கள், அது 'வருஷம் முழுக்க'. 'தெருமுனையை வட்டமிட்டான்' என்பது 'தெருமுனையில் திரும்பினான்'. மூலத்தில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையா, திரண்டதா, நடுவில் ஓட்டையா, அச்சில் சுழல்கிறதா? கையில் எடுக்க எதுவும் இல்லையென்றால் அங்கே வேண்டியது ஒரு வினைச்சொல்.

மூன்றாம் பக்கத்தை முதலில் திருத்தி அனுப்புங்கள். அந்தப் பையன் உருட்டுவது கோலிக்குண்டு. அது போய் விழுவது குழியில்.