14 வெற்றி, 68 தோல்வி: பழி யார் தலையில்?

அமெரிக்கக் கூடைப்பந்து அணி டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் 2023-24 சீசன் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே ஒரு வேண்டுகோள்: கோச்சைத் திட்டுவதற்கு முன், அன்றைக்கு யார் யார் காயத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அந்த சீசனை நான் பார்க்கவில்லை. என்னதான் நடந்தது?

2023 ஜூனில் மான்டி வில்லியம்ஸைக் கோச்சாக ஆறு வருட ஒப்பந்தத்தில், சுமார் 7.85 கோடி டாலருக்குக் கூட்டி வந்தார்கள். முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி. அப்புறம் வரிசையாக 28 தோல்வி. ஒரே சீசனுக்குள் என்பிஏ என்ற அந்தக் கூடைப்பந்து லீக்கில் யாரும் அவ்வளவு நீளமாகத் தோற்றதில்லை. டிசம்பர் 30 அன்று டொராண்டோவை 129-127 என்று ஜெயித்துத்தான் மூச்சு விட்டார்கள். கடைசியில் 14-68. 2024 ஜூனில் வில்லியம்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: மீதி ஐந்து வருடச் சம்பளம் என்ன ஆகும் சார்? வரி பிடிப்பார்களா?

சம்பளம் அவருக்குச் சேர வேண்டியதுதான். வரிக்கு ஆடிட்டரைப் பாருங்கள்.

கேள்வி: 28 தோல்வி என்றால் கோச் தப்பில்லாமல் எப்படி? பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

மெழுகவில்லை. டிசம்பர் 28 பாஸ்டன் ஆட்டம் நமக்கு மறுநாள் விடிகாலையில். காபி கையோடு உட்கார்ந்தேன். பாதி ஆட்டத்தில் டெட்ராய்ட் 66-47 என்று முன்னிலை. இன்றைக்கு முடிந்தது இந்தத் தோல்வி வரிசை என்று நினைத்தேன். கூடுதல் நேரம் போய் 128-122 என்று தோற்றார்கள். அதுதான் 28வது.

ஆனால் அந்த சீசன் முழுக்க ஒரே காட்சியைப் பார்த்தேன். அணியின் முக்கிய ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாம் பந்தைத் தட்டிக்கொண்டு கூடைப்பக்கம் நுழைவார். மூலையில் ரூக்கி (முதல் வருட ஆட்டக்காரர்) ஆசார் தாம்ப்சன் நிற்பார். அவருக்கு வெளியிலிருந்து போடவே வராது என்று எதிரணிக்குத் தெரியும். அதனால் அவரைக் காக்க வேண்டிய ஆள் அவரை அம்போவென்று விட்டுவிட்டுக் கேட்டின் பாதையில் வந்து நிற்பார். இன்னொரு பக்கம் கில்லியன் ஹேய்ஸ். அங்கேயும் இதே கதை. கேட்டுக்கு முன்னால் மூன்று பேர். பந்து வெளியே போகும், போட்டால் விழாது. வெளியிலிருந்து போடத் தெரிந்த போயன் பொக்டனோவிச் கெண்டைக்கால் காயத்தோடு சீசன் ஆரம்பத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே. (காயப் பட்டியலைப் பாருங்கள் என்று எதற்குச் சொன்னேன்!) இப்படி ஆள் சேர்த்தது மேலாளர் ட்ராய் வீவர், கோச் அல்ல.

சரி, கோச் கையில் இருந்தது என்ன? யாரை இறக்குவது, யாரை எத்தனை நிமிடம் விடுவது. அதில் வில்லியம்ஸ் சொதப்பினார். ஆரம்ப வாரங்களில் ஜேடன் ஐவியைப் பெஞ்சில் உட்கார வைத்து, ஹேய்ஸை முதல் ஐந்தில் இறக்கினார். அந்த ஹேய்ஸையே பிப்ரவரியில் அணி கழற்றிவிட்டது. ஐந்து பேரும் பெஞ்சிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு வரிசையையும் அடிக்கடி இறக்குவார். அந்த நிமிடங்களில் முன்னிலை கரைவது என் வீட்டுப் பூனைக்கும் தெரியும். என் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு பழி அவருக்கு.

கேள்வி: வில்லியம்ஸுக்கு முந்தைய அணியான பீனிக்ஸில் 64 வெற்றி, 2022-ல் சிறந்த கோச் விருது. அப்போது மட்டும் நல்ல கோச்சா?

அப்போது அவரிடம் கிறிஸ் பால், டெவின் புக்கர் என்று இரண்டு நட்சத்திரங்கள் இருந்தார்கள்.

கேள்வி: கோச்சை மாற்றியதும் அடுத்த சீசனில் 14 வெற்றி 44 ஆனதே! இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

இதே கேள்வி ஐந்து பேரிடமிருந்து. மாறியது கோச் மட்டுமா? வீவர் போனார், ட்ராஜன் லாங்டன் வந்தார். டோபியாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மலிக் பீஸ்லி வந்தார்கள். பீஸ்லி மட்டும் வெளியிலிருந்து 319 மூன்று புள்ளிக் கூடை போட்டார். மேலே சொன்ன மூலையில் இவர் நின்றால் எவன் விட்டுவிட்டுப் போவான்?

கேள்வி: விடமாட்டேன் அண்ணே. கேட், ஜேலன் டூரன், ஆசார் எல்லாம் பழைய ஆட்கள். நீங்கள் தூக்கிப் பேசும் ஐவிக்கு 2025 ஜனவரி 1 அன்று கால் எலும்பு முறிந்தது. அப்படியும் ஜெயித்தார்களே?

நல்ல அடி. காயப் பட்டியலை என் மேலேயே திருப்பிவிட்டீர்கள், தம்பி. ஒப்புக்கொள்கிறேன்: புது கோச் பிக்கர்ஸ்டாஃப் வந்த பிறகு பசங்கள் தற்காப்புக்கு ஓடித் திரும்பினார்கள், உரசி ஆடினார்கள். அதை ஆள் வாங்கிக் கொண்டுவர முடியாது. பயிற்சியில் வர வேண்டும். வில்லியம்ஸிடம் அது இல்லை. மூன்றில் ஒரு பங்கு என்றதைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே என்று திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏற மாட்டேன்.

கேள்வி: தோற்கிற கோச்சை உடனே தூக்குவதுதானே முறை?

1996 டிசம்பரில் சான் அன்டோனியோ அணி 3-15 என்று கிடந்தது. மேலாளராக இருந்த கிரெக் போபோவிச், கோச் பாப் ஹில்லை நீக்கிவிட்டுத் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஹில் அதற்கு முந்தைய சீசனில் 59 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவர். போபோவிச் என்ன கிழித்தார்? 17-47. காரணம் எளிது: அணியின் நட்சத்திரம் டேவிட் ராபின்சன் காயத்தால் அந்த சீசனில் ஆடியதே ஆறு ஆட்டம். அடுத்த டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) டிம் டங்கன் வந்தார், 1999-ல் கோப்பை. அந்த 17-47-ஐ மட்டும் வைத்து அவரைத் துரத்தியிருந்தால்?

கேள்வி: என் மகனின் பள்ளி அணி தொடர்ந்து தோற்கிறது. கோச்சிடம் பேசலாமா?

பேசாதீர்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

கேள்வி: கோச்சை மாற்றியதும் 14, 44 ஆனதே?

மேலே படியுங்கள் ஐயா.

கேள்வி: ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். கோச்சா, அணியா?

பொக்டனோவிச்சின் கெண்டைக்கால். இரண்டு வார்த்தை ஆகிவிட்டது, மன்னிக்கவும்.